கேள்வித்தாளில் பிறந்த பாடம்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பட்டப் படிப்பாக ஏற்றுக்கொண்ட ஆண்டு 1894. கேம்பிரிட்ஜ் 1917 வரை இழுத்தடித்தது. சென்னைப் பல்கலைக்கழகமோ 1857-ல் தொடங்கியபோதே ஆங்கிலத்தைக் கட்டாயத் தாளாக வைத்துவிட்டது. கணக்குப் படித்தாலும் தத்துவம் படித்தாலும் ஆங்கிலத்தில் தேறாதவனுக்குப் பட்டம் கிடையாது. ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதி ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்க முடியாத காலத்தில், கும்பகோணத்துப் பையன் ஆங்கிலக் கவிதையை வரி வரியாகப் பிரித்துப் பொருள் எழுதிக்கொண்டிருந்தான்.

நான் இந்தப் பாடத்தைப் படித்தவள். பிறகு தென் மாவட்டங்களின் அரசுக் கலைக் கல்லூரிகளில் ஓய்வு பெறும்வரை இதையே நடத்தியவள். எங்கள் பக்கம் இதை ஆங்கில இலக்கியம் என்று யாரும் நீட்டி முழக்குவதில்லை. ‘இங்கிலீஷ் லிட்’ என்றால் முடிந்தது. வகுப்பில் எந்தக் கவிதையைத் தொடங்கினாலும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: “மேம், இது எஸ்ஸேக்கு வருமா, அனோடேஷனுக்கு வருமா?” பிள்ளைகளுக்குச் சோம்பேறித்தனம் என்று சக ஆசிரியர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். நம் ஊரில் இந்தப் பாடம் வகுப்பறையில் பிறக்கவில்லை, தேர்வு மண்டபத்தில் பிறந்தது. அந்தக் கதை தெரிந்தால் பின் பெஞ்சின் மேல் கோபம் வராது.

சொந்த வீட்டில் மதிப்பில்லை

இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் படிப்பு என்றால் கிரேக்கமும் லத்தீனும்தான். தாய்மொழியில் இருக்கும் நாடகத்தையும் கதையையும் படிக்க ஆசிரியர் எதற்கு, தேர்வு எதற்கு என்பது அங்கே இருந்த பெரியவர்களின் எண்ணம். கனவான்கள் வீட்டில் ஓய்வாகப் படித்துக்கொள்ள வேண்டியதைக் கல்லூரியில் பாடமாக வைப்பதை அவர்கள் தரக்குறைவாக நினைத்தார்கள்.

ஆகவே இந்தப் பாடம் ஓரங்களில்தான் முளைத்தது. 1762-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஹியூ பிளேர் என்ற பாதிரியார் சொல்லணிக்கும் இலக்கிய நயத்துக்குமான அரச பேராசிரியர் ஆனார். லண்டன் மொழிக்குப் பக்கத்தில் தங்கள் பேச்சு நாட்டுப்புறமாகத் தெரிகிறதே என்ற கூச்சம் அன்றைய ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு உண்டு. நல்ல ஆங்கிலம் எழுதக் கற்பது அவர்களுக்குப் பிழைப்பு. அடுத்து லண்டன். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் மத வேறுபாட்டால் இடம் கிடைக்காதவர்களுக்காக எழுந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 1828-ல் வகுப்புகளைத் தொடங்கியது. தாமஸ் டேல் என்ற பாதிரியார் அங்கே ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் முதல் பேராசிரியர். பிறகு தொழிலாளர்களுக்கான மாலை வகுப்புகள், பெண்களுக்கான கல்லூரிகள். லத்தீன் படிக்க வசதியோ வாய்ப்போ இல்லாதவர்களின் படிப்பாகத்தான் ஆங்கில இலக்கியம் இங்கிலாந்தில் வளர்ந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு 1885-ல் ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கியபோதும் அதைக் கொடுத்தது நேப்பியர் என்ற பழைய மொழி ஆய்வாளருக்கு. இலக்கியத்துக்கென்றே ஒரு பேராசிரியர் அங்கே வந்தது 1904-ல். அவர் பெயர் வால்டர் ராலி. அந்த ராலி அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே அலிகரில், சையது அகமது கான் நிறுவிய கல்லூரியில், ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் முதல் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் இந்தியாவில் பாடம் நடத்திப் பழகிவிட்டுத்தான் அங்கே போனார் என்று சொன்னால் என் மாணவிகள் கைதட்டுவார்கள்.

ஒரு லட்ச ரூபாய்

இந்தியாவில் கதை வேறு. 1813-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, இந்தியர்களின் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று பாராளுமன்றம் ஒரு விதியைச் சேர்த்தது. அந்த ஒரு லட்சத்தைச் சமஸ்கிருதம், அரபி படிப்புக்குச் செலவிடுவதா, ஆங்கிலத்துக்குச் செலவிடுவதா என்பதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபறி நடந்தது. 1834-ல் சென்னையில் கரை இறங்கிய மெக்காலே, அங்கிருந்து ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்தார். 1835 பிப்ரவரியில் கல்கத்தாவில், ஆங்கிலத்துக்காக வாதாடும் தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். மார்ச்சில் பெண்டிங் ஆங்கிலத்துக்குச் சாதகமாக உத்தரவிட்டார்.

மெக்காலேயைத் திட்டுவதோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவருக்குப் பின் வந்த ஒரு சின்ன உத்தரவுதான் பெரிதாகத் தெரிகிறது. 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கே அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். ஷேக்ஸ்பியருக்கும் தாலுகா கச்சேரிக்கும் முடிச்சு விழுந்தது அன்றைக்குத்தான். என் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். வீட்டில் இருந்த ஒரே ஆங்கிலப் புத்தகம் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம். அதைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஹார்டிஞ்ச் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த உத்தரவின் பலன் எங்கள் வீட்டுச் சோற்றில் இருந்தது.

இலக்கியத்தை ஏன் பாடமாக வைத்தார்கள் என்ற கேள்விக்கு கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளியிட்ட ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்குவெஸ்ட்’ என்ற நூலில் விரிவான விடை இருக்கிறது. மத விஷயத்தில் தலையிடுவதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. அரசுப் பள்ளியில் பைபிளை வைத்தால் கலகம் வரும் என்ற பயம். ஆனால் குடிமக்களுக்கு ஒழுக்கமும் விசுவாசமும் வர வேண்டும். பைபிள் செய்ய வேண்டிய வேலையை மில்டனிடமும் ஷேக்ஸ்பியரிடமும் ஒப்படைத்தார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாகக் கெட்டிப்பட்டதில் இங்கிலாந்தைவிடக் காலனிக்கே பங்கு அதிகம் என்பதை அவர் ஆவணங்களோடு காட்டினார்.

அதே சமயம், இது முழுக்க மேலிருந்து இறங்கியது என்று சொல்லவும் முடியாது. 1839-ல் சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டனின் துணையோடு, உயர்கல்விக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று கவர்னர் எல்ஃபின்ஸ்டனிடம் ஒரு மனு போனது. அதில் 70,000 கையெழுத்துகள். அதன் பலனாக 1841-ல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிதான் பின்னாளில் மாநிலக் கல்லூரி ஆனது. முதல் தலைவர் பவல் ஒரு கணித வல்லுநர். ஆங்கிலம் வேண்டும் என்று கேட்டவர்கள் வியாபாரிகளும் துபாஷிகளும் உத்தியோகக் குடும்பங்களும். அவர்கள் கேட்டது கவிதையை அல்ல, வாசலைத் திறக்கும் மொழியை. அந்த வாசல் வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே ஏட்டுக் கல்வி பெற்ற மேல்சாதியினர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும்.

அந்த வாசலில் முதலில் நுழைந்தவர்கள் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கிய அந்தப் பள்ளியில் ஆங்கிலத்தோடு கணிதம், வானியல், தமிழ் எல்லாம் சொல்லித் தந்தார்கள். படித்த பையன்கள் மதத்துக்கு வருவதைவிட உத்தியோகத்துக்குப் போவதே அதிகமாக இருந்ததால் மிஷன் 1855-ல் அதை மூடிவிட்டது. அங்கிருந்து வந்து ஆங்கிலத்தில் தேர்வெழுதி முதல் பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளை பின்னாளில் என்ன செய்தார் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று ஏட்டில் இருந்தவற்றை அச்சில் ஏற்றினார்.

தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம்

1857 செப்டம்பர் 5-ல் சட்டமான சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. கல்லூரிகள் நடத்தும், பல்கலைக்கழகம் பாடத்தை அறிவித்து, கேள்வித்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்தி, பட்டம் தரும். சென்னையும் அப்படியே. பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பாடம் நடத்தலாம் என்று சட்டம் தெளிவாக இடம் கொடுத்தது 1904-ல். அதுவரை ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம், தென்னிந்தியா முழுவதற்கும் ஆங்கில இலக்கியம் என்றால் கேள்வித்தாளில் வருவதுதான். நடத்துகிறவர் ஒருவர், கேள்வி கேட்கிறவர் வேறொருவர். இருவருக்கும் முகப் பழக்கம்கூட இருக்காது.

இப்படி ஓர் ஏற்பாட்டில் என்ன நடக்கும்? முன்பின் தெரியாத ஒருவர் திருத்துவதற்குத் தோதான கேள்விகள் வரும். இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன, இந்த வரி யார் யாரிடம் எப்போது சொன்னது, இந்தப் பகுதியைச் சொந்த நடையில் எழுது. சரி, தவறு என்று மதிப்பெண் போட முடிகிறவை. உனக்கு இந்தக் கவிதை பிடித்ததா, ஏன் என்று கேட்டால் மதிப்பெண் போடுவது கடினம். நான் படித்தபோதும் இடம்சுட்டிப் பொருள் விளக்கும் ‘அனோடேஷன்’ இருந்தது. நான் ஓய்வு பெற்றபோதும் இருந்தது.

‘டீடெயில்ட்’, ‘நான்-டீடெயில்ட்’ என்ற பிரிவினையும் இந்த ஏற்பாட்டின் பிள்ளைதான். சில நூல்களை வரி விடாமல் நடத்த வேண்டும். மற்றவற்றில் கதை தெரிந்தால் போதும். வார்ட்ஸ்வொர்த் டீடெயில்ட், டிக்கன்ஸ் நான்-டீடெயில்ட். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் நான்-டீடெயில் என்றால் என்ன என்று சொல்லிவிடுவார்கள்.

கேள்வித்தாள் வந்த வழியிலேயே நோட்ஸும் வந்தது. இந்தியாவில் கல்லூரி முதல்வராக இருந்த டெய்ட்டன், இந்திய மாணவர்களுக்கென்றே மாக்மில்லன் நிறுவனத்துக்காக ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் குறிப்புகளோடு பதிப்பித்தார். கேம்பிரிட்ஜ் அச்சகம் வெளியிட்ட வெரிட்டியின் பதிப்புகள் இந்தியக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓடின. வெரிட்டியில் நாடகத்துக்குச் சமமாகக் குறிப்புகளும் இருக்கும். என் ஆசிரியர் ஒருவர் ஷேக்ஸ்பியரைவிட வெரிட்டியை அதிகம் மேற்கோள் காட்டுவார். பிறகு வட இந்தியாவில் அச்சான மலிவு விலைக் கைடுகள் வந்தன. ராம்ஜி லால் என்ற பெயர் தெரியாத இங்கிலீஷ் லிட் மாணவர் என் தலைமுறையில் இல்லை.

இந்தத் தேர்வு எத்தனை பேரை வடிகட்டியது என்பதற்கு அக்காலத்தவர் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட ‘பி.ஏ. ஃபெயில்’ என்ற பட்டமே சாட்சி. தேறாமல் போனதும் ஒரு தகுதி, ஏனென்றால் தேர்வுவரை போயிருக்கிறார். வடிகட்டப்பட்டவர்களில் ஒருவர் கும்பகோணம் கல்லூரி மாணவர் ஸ்ரீனிவாச ராமானுஜன். ஆங்கிலத்தில் தேறாததால் 1905-ல் உதவித்தொகையை இழந்தார். தென்னகத்தின் கேம்பிரிட்ஜ் என்று அந்தக் கல்லூரிக்குப் பெயர். உண்மையான கேம்பிரிட்ஜ் அவரைக் கணிதத்துக்காகவே பிற்பாடு அழைத்துக்கொண்டது.

தேர்வை இவ்வளவு பெரிதாக்கியதில் இங்கிலாந்துக்கும் பங்குண்டு. இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வு நடத்த 1854-ல் மெக்காலே தலைமையிலான குழு மதிப்பெண்களைப் பிரித்தது. ஆங்கிலத்துக்கு 1,500. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. ஆளப் போகிற நாட்டின் சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. அதன் பிறகு இங்கிலாந்திலும் ஆங்கில இலக்கியத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் பயிற்சி நிலையங்கள் பெருகின. இந்தியாவை ஆள வேண்டும் என்ற ஆசைதான் இங்கிலாந்துப் பையன்களையும் சொந்த இலக்கியத்தைப் பரீட்சைக்குப் படிக்க வைத்தது.

மில்லரின் மாணவர்கள்

இவ்வளவு இறுக்கமான ஏற்பாட்டுக்குள்ளும் ஆசிரியர் என்று ஒருவர் இருந்தால் பாடம் வேறு மாதிரி ஆகிவிடும். 1862-ல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர் அப்படி ஒருவர். ஆண்டர்சன் என்பவர் தொடங்கிய பள்ளியைக் கல்லூரியாக வளர்த்து, 1877-ல் அதற்கு சென்னை கிறித்தவக் கல்லூரி என்ற பெயர் வரக் காரணமாக இருந்தார். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களை வாழ்க்கை நடத்தும் வழிகாட்டியாக வைத்து அவர் நிகழ்த்திய பேருரைகள் ‘ஷேக்ஸ்பியர்ஸ் சார்ட் ஆஃப் லைஃப்’ என்று நூலாகின. லியர் மன்னனின் அகந்தையை வைத்து அரசாட்சியைப் பற்றிப் பேசுவார், மேக்பெத்தை வைத்துப் பேராசையைப் பற்றிப் பேசுவார். இன்றைய திறனாய்வு முறையில் அது நிற்காது. ஆனால் கேள்வித்தாளைத் தாண்டி ஒரு நாடகத்தில் ஏதோ இருக்கிறது என்று அந்தப் பையன்களுக்குச் சொன்னவர் அவர்.

அந்த வளாகத்தில் படித்தவர்கள் வரிசையைப் பாருங்கள். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமையர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா; உப்புத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் ‘தில்லை கோவிந்தன்’, ‘கிளாரிந்தா’ நாவல்களையும் எழுதினார். வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி, அதாவது பரிதிமாற் கலைஞர். ஆங்கிலத்தில் பதினான்கு வரியில் எழுதும் ‘சானட்’ வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து ‘தனிப்பாசுரத் தொகை’ எழுதினார், ஜி.யு. போப் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நாடகத்துக்கு இலக்கணம் வேண்டும் என்று ‘நாடகவியல்’ எழுதினார்.

கிறித்தவக் கல்லூரியோடு இது நிற்கவில்லை. மாநிலக் கல்லூரியில் படித்த பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். வெனிஸ் வணிகனை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார். அதே 1891-ல் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ‘தி சீக்ரெட் வே’ என்ற கதையை எடுத்து ‘மனோன்மணீயம்’ செய்தார். இன்றைக்குத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர். தமிழ்த்தாய் வாழ்த்தாக நாம் பாடுவது அந்த நாடகத்தின் முகப்பில் இருக்கும் பாடல்.

இவர்கள் யாரும் இவற்றை மதிப்பெண்ணுக்காக எழுதவில்லை. கல்லூரியில் படித்ததைக் கல்லூரிக்கு வெளியே வேறொரு மொழியில் பயன்படுத்தினார்கள். பட்டமே வாங்காத பாரதியும் எட்டயபுரத்தில் ஷெல்லி பெயரில் ஒரு சங்கம் நடத்தி, ‘ஷெல்லிதாசன்’ என்று கையெழுத்திட்டவர். திருநெல்வேலியில் தான் கற்ற ஆங்கிலப் படிப்பை அவர் பின்னாளில் கவிதையில் சாடியதும் உண்டு. பாடத்திட்டத்தை வெறுத்தார், ஷெல்லியை விடவில்லை.

1902-ல் இந்தியப் பல்கலைக்கழகக் கமிஷன் வந்தபோது சென்னைப் பட்டப் படிப்பிலிருந்து தமிழை நீக்கும் பேச்சு எழுந்தது. அதை எதிர்த்து முன்னால் நின்றவர்களில் இருவர் பரிதிமாற் கலைஞரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும். பூரணலிங்கம் பிள்ளை ஆங்கிலப் பேராசிரியர். தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1904-ல் வெளியிட்டவர். ஆங்கிலம் கற்பித்தவரே தமிழுக்காக வாதாடினார் என்பதில் எங்கள் துறைக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த வழக்கம் பிறகும் தொடர்ந்தது. ஆங்கிலம் படித்து ஆங்கிலம் நடத்திய ஏ.கே. ராமானுஜன், 1967-ல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்து உலகத்தைச் சங்க இலக்கியத்தின் பக்கம் திருப்பினார். 1959-ல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, ஒரு கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் விமர்சனத்தைத் தமிழில் நடத்திக் காட்டினார். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1920-களில் மாணவர்களிடம் எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்ன சோதனை திறனாய்வையே மாற்றியது. அதற்கு உறவான ஒரு வாசிப்பு முறை தமிழில் வேரூன்றியது ஒரு சிற்றிதழில்.

நாங்கள் படித்தது

மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ல் வந்த பிறகு எங்கள் தென் மாவட்டக் கல்லூரிகள் சென்னையிலிருந்து பிரிந்தன. எழுபதுகளில் நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. சேர்ந்தேன். பல்கலைக்கழகம் மாறியிருந்தது, பாடம் மாறவில்லை. சாஸரில் தொடங்கி டி.எஸ். எலியட்டில் முடியும். ஹட்சனும் காம்ப்டன் ரிக்கெட்டும் இலக்கிய வரலாற்றுக்கு, பி. பிரசாத் பின்னணிக்கு, பிராட்லி ஷேக்ஸ்பியருக்கு. நூலகத்தில் பிராட்லி ஒரே பிரதி. அதைப் பங்கு போட்டுக் கையால் நகலெடுத்தோம்.

மொழி வரலாறு என்று ஒரு தாள். கிரிம் விதி, பெரும் உயிரொலி மாற்றம், நார்மன் படையெடுப்புக்குப் பின் வந்த பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் தலைகீழாகச் சொல்வோம். ரயில் நிலையத்தில் ஒரு வெளியூர்க்காரர் ஆங்கிலத்தில் வழி கேட்டால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிவோம். பேச்சு ஆங்கிலத்தைக் கற்பிக்கும் முறை பற்றி நாட்டில் யாரும் யோசிக்காமல் இல்லை. 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கியது. அடுத்து சென்னை மாநிலத்தில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி இயக்கமே நடந்தது. அவை பள்ளிகளோடு நின்றன. கல்லூரி ஆங்கிலத் துறை தன்னை இலக்கியத் துறையாகவே நினைத்துக்கொண்டது. பேசத் தெரியாதவர்களுக்குப் பேசக் கற்பிப்பது தன் வேலை இல்லை என்றிருந்தது.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். கணக்கு, பௌதிகம் கிடைக்காதவர்கள் சிலர், டீச்சர் வேலைக்காக வந்தவர்கள் பலர். எங்களுக்கு முன்னால் போனவர்கள் கம்மி. 1914-ல் சென்னையில் ராணி மேரிக் கல்லூரியும் 1915-ல் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் வரும்வரை மாகாணத் தலைநகரில் பெண்களுக்கென்று கலைக் கல்லூரி இல்லை. அதற்கும் முன்னால், 1901-லேயே சென்னையில் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்திய கமலா சத்தியநாதன், மாகாணத்தில் எம்.ஏ. பெற்ற முதல் பெண்களில் ஒருவர். அவர் பெயரை என் படிப்புக் காலம் முழுவதிலும் எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. பாடத்திட்டத்தில் இந்தியர் எழுதிய ஆங்கிலத்துக்கே இடம் அப்போதுதான் மெல்லக் கிடைத்துக்கொண்டிருந்தது. சாத்தூரில் பிறந்த கே.ஆர். ஸ்ரீனிவாச ஐயங்கார் 1962-ல் எழுதிய ‘இந்தியன் ரைட்டிங் இன் இங்கிலிஷ்’ நூலும், மைசூரில் சி.டி. நரசிம்மையாவின் வாதாட்டமும் அந்தக் கதவைத் திறந்தன.

1978-ல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. நடத்துகிறவரே கேள்வி கேட்கலாம், பாடத்தையும் தாமே வகுக்கலாம். 1857-ல் பிரித்த இருவரும் ஒருவழியாக ஒன்று சேர்ந்தார்கள். ஆப்பிரிக்க நாவல் வந்தது, பெண் எழுத்து வந்தது, தலித் தன்வரலாறு மொழிபெயர்ப்பில் வந்தது. நூல் பட்டியல் இப்படிப் புரண்டு மாறியும், கேள்வித்தாளின் அமைப்பு அசையவில்லை. சினுவா அச்சேபேக்கும் பாமாவுக்கும் அதே ‘எஸ்ஸே’, அதே ‘பாராகிராஃப்’, அதே ஐந்து மதிப்பெண் கேள்வி. பதிலும் அதே நோட்ஸ்தான். முன்பு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது, இப்போது வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப்.

இன்று இங்கிலீஷ் லிட் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பீடி சுற்றும் அம்மாக்களின் பிள்ளைகள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆங்கிலம் வந்துவிட்டால் வாழ்க்கை வந்துவிடும் என்று நம்பிச் சேர்கிறார்கள். 1839-ல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் நம்பிக்கையும் அதுதான். வாசல் இப்போதுதான் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது. உள்ளே வந்தவர்களுக்கு நாம் வைத்திருப்பது, சென்னையில் உட்கார்ந்த ஒரு தேர்வாளர் முகம் தெரியாத பையனை அளக்க உருவாக்கிய அதே படிக்கட்டு.

தேர்வை மாற்றச் சொன்னால், திருத்துவது கஷ்டம் என்பார்கள். நானும் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் கட்டுக் கட்டாகத் திருத்தியவள், கஷ்டம் தெரியும். ஆனால் மனப்பாடத்தை அளக்கும் தேர்வுக்கு இப்போது பொருளே இல்லை. எந்தக் கவிதைக்கும் கைப்பேசி நொடியில் கட்டுரை எழுதித் தருகிறது. அதை மனப்பாடம் செய்து வந்து எழுதுகிற பிள்ளைக்கு நாம் முதல் வகுப்பு போடுகிறோம்.

பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் என் இளைய சகாக்களுக்கு ஒரு வேண்டுகோள். நூல் பட்டியலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டது போதும். ஒரே ஒரு தாளில் இரண்டு மாற்றம் செய்து பாருங்கள். வகுப்பில் நடத்தாத ஓர் ஆங்கிலக் கவிதையைக் கொடுத்து, எழுதியவர் பெயர் சொல்லாமல், பிள்ளைகளுக்குத் தோன்றியதை எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு தமிழ்க் கவிதையை வைத்து, இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். தாமோதரம்பிள்ளையிலிருந்து ஏ.கே. ராமானுஜன்வரை இந்தப் படிப்பால் உருப்படியாக நடந்ததெல்லாம் இந்த இரண்டு வேலைகள்தாம். அவர்கள் அவற்றைத் தேர்வுக்கு வெளியே செய்தார்கள். நாம் தேர்வுக்கு உள்ளேயே செய்ய வைக்கலாம். பின் பெஞ்சிலிருந்து “எஸ்ஸேக்கு வருமா?” என்று கேட்கிற பிள்ளைக்கு “வரும், ஆனால் பதிலை நீதான் கண்டுபிடிக்கணும்” என்று சொல்ல வழி இருக்கும்.